நாண் இல்லாத பாவை

நாணுடைமை பற்றிப் பேச வந்த வள்ளுவர், அதிகாரத்தின் இறுதியில் ஒரு மரப்பாவையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். உள்ளத்தில் நாணம் இல்லாதவர் உலகில் நடமாடுவது, கயிற்றால் ஆட்டுவிக்கப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. நாணத்துக்கும் கயிற்றுக்கும் தமிழில் 'நாண்' என்ற ஒரே சொல் வழங்குவதை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார். வகுப்பறையில் இக்குறளை விளக்கும் ஆசிரியர் பெரும்பாலும் மனிதனைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார். பாவையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உவமைதானே என்ற எண்ணம். ஆயினும் உவமையாக வந்த பொருளுக்கும் உலகில் ஒரு வாழ்வு உண்டு. பாவை மயக்குகிறது. அந்த மயக்கத்தை வேண்டி விரும்பிச் சென்று, முன் வரிசையில் இடம் பிடித்து அமர்ந்து, மகிழ்ந்து திரும்புகிறவர்களும் எக்காலத்திலும் உண்டு. அப்படியானால் பாவையின் மயக்கு குற்றமா? குற்றமாயின் அது யாருடைய குற்றம்?

இக்கேள்வி இன்று மேலும் சிக்கலாகிவிட்டது. கயிற்றாலும் கையாலும் இயங்கிய பாவைகளைப் பார்த்து, கயிறும் கையும் இல்லாத சிறு உருவங்களைச் செய்து, பெட்டியிலிட்டு விற்கிறார்கள். பாவை உயிரின் சாயல்; இவ்வுருவமோ பாவையின் சாயல். சாயலுக்கும் ஒரு சாயல்! இவற்றை வாங்குவோர் குழந்தைகள் மட்டுமல்லர். நரை கண்டவர்களும் வாங்குகிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, முகம் ஒத்திருக்கிறதா, வண்ணம் பிசகாமல் இருக்கிறதா, மூட்டுகள் திரும்புகின்றனவா என்று ஆராய்ந்து, நூலுக்கு மதிப்புரை எழுதும் அதே கருத்தூன்றலோடு மதிப்புரையும் எழுதுகிறார்கள். இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அவர்கள் எதை மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், நகைப்பு அடங்கிவிடுகிறது. ஒரு பாவையில் பாவையாக இருப்பது எது என்ற பழைய கேள்வியையே அவர்கள் வேறொரு வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பாவையைக் கொள்ளலாம். 1980ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஜார்ஜ் லூக்காசின் விண்வெளிக் கதை வரிசையில் அஃது இரண்டாவது படம். இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். அதில் யோடா என்றொரு முதிய ஆசான் வருகிறார். சதுப்பு நிலக் காட்டில் தனித்து வாழ்பவர். உயரம் இரண்டடி அளவே. பச்சை நிறம், நீண்ட காதுகள், கையில் ஊன்றுகோல். போர்வீரனாக விரும்பி வரும் இளைஞனுக்குப் பொறுமையைக் கற்பிப்பது அவர் பணி. இந்த ஆசானை எந்த நடிகரும் வேடமிட்டு நடிக்கவில்லை. ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன் என்ற ஒப்பனைக் கலைஞர் தம் முகத்தையே கண்ணாடியில் பார்த்து வடித்து, அறிவியலறிஞர் ஐன்ஸ்டீனின் முகச் சுருக்கங்களையும் அதில் சேர்த்து, இரப்பர் நுரையால் ஒரு பாவையைச் செய்தார். அதை இயக்கிக் குரலும் கொடுத்தவர் ஃபிராங்க் ஆஸ். அவரை இப்பணிக்கு எடுத்துச் சொன்னவர், கெர்மிட் என்னும் தவளைப் பாவையால் உலகப் புகழ் பெற்ற ஜிம் ஹென்சன்.

லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் அந்தச் சதுப்பு நிலக் காட்டைத் தரையிலிருந்து சில அடி உயர்த்தி அமைத்தார்கள். மேலே மரவேர்களும் சேறும் பனிமூட்டமும். கீழே பலகைகளுக்கு அடியில் ஆஸ், கையை மேலே உயர்த்தியபடி. அவர் கை ஆசானின் தலைக்குள் இருந்தது. கண்ணிமையையும் காதுகளையும் மற்றோர் கையையும் உதவியாளர் சிலர் இயக்கினர். ஒரு தலையசைப்புக்குப் பலர் ஒரே மூச்சாக ஒத்துழைக்க வேண்டியிருந்தது. எதிரில் நின்று நடித்த மார்க் ஹமிலுக்கு ஆஸின் முகம் தெரியாது. குரலும் சரிவரக் கேட்காது என்பதால் காதில் சிறு கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். பல மாதம் நாள்தோறும் படப்பிடிப்பு அட்டவணையில் மனிதராகத் தம் பெயர் மட்டுமே இருந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரப்பர் நுரைத் துண்டு ஒன்றைப் பார்த்து அந்த இளைஞர் கோபப்பட்டார், வெட்கப்பட்டார், அதனிடம் தோற்றும் போனார்.

அங்கு நடந்தது ஏமாற்றா? ஏமாற்று என்றால் ஏமாறுகிறவன் அறியாமல் இருக்க வேண்டும். ஹமில் அறிந்தே இருந்தார். திரையரங்கில் அமர்ந்திருந்த பத்து வயதுச் சிறுவனும், அது பொம்மை என்று யாரும் சொல்லாமலே அறிவான். அறிந்தும், 'இல்லை, இவர் ஆசான்' என்று தன் உள்ளத்தின் ஒரு பகுதியை மனமுவந்து கொடுத்துவிடுகிறான். வள்ளுவர் சுட்டும் நாணிலியோ, தன்னுள்ளே எதுவுமில்லை என்பதைப் பிறர் அறியக்கூடாது என்று மறைக்கிறான். பாவை எதையும் மறைப்பதில்லை. கயிறு இருப்பதை எல்லாரும் அறிவர். ஆகவே குறளில் வரும் மரப்பாவை குற்றவாளியன்று. மனிதன் பாவையாகிவிடுவதே குற்றம். பாவை பாவையாக இருப்பதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால்தான் பொம்மைக் கடைக்குள் தெளிந்த கண்ணோடு நுழைய முடியும்.

படம் வெளிவந்த காலத்திலேயே ஓஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் கென்னர் நிறுவனம் யோடாவையும் பிளாஸ்டிக் உருவமாக வார்த்து விற்றது. அவ்வரிசையில் மனித உருவங்கள் மூன்றே முக்கால் அங்குல உயரம். யோடா அவற்றினும் சிறியவர். துணியாலான சிற்றங்கி ஒன்று, ஓர் ஊன்றுகோல், கழுத்தில் மாட்டத்தக்க ஒரு பாம்பு ஆகியவை உடன் வந்தன. தலை திரும்பும், கைகள் உயரும். முகத்தில் நுணுக்கம் குறைவு. ஃப்ரீபோர்ன் வடித்த சுருக்கங்கள் தடித்த கோடுகளாகிவிட்டன. கண்கள் இரு புள்ளிகள். திரையில் கண்ட ஆசானின் களைப்பும் குறும்பும் அவற்றில் இல்லை. ஒப்புமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இவ்வுருவத்துக்கு நடுத்தர மதிப்பெண்ணுக்கு மேல் எவரும் தரமாட்டார்.

இத்தகைய உருவங்களுக்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயர் வந்த கதை சுவையானது. 1964ஆம் ஆண்டு ஹாஸ்புரோ நிறுவனம் போர்வீரர் உருவம் ஒன்றை வெளியிட்டபோது, ஆண்பிள்ளைகளும் அவர்தம் தந்தையரும் 'பொம்மை' என்ற சொல்லைக் கேட்டு முகஞ்சுளிப்பர் என்று அஞ்சிப் புதுப்பெயர் சூட்டினர். தமிழில் அதனைச் செயற்பாவை எனலாம். பெயரில் செயல் இருக்கிறது. உருவத்தில் செயல் எங்கே இருக்கிறது? திருப்பினால் திரும்பும் கழுத்து, தூக்கினால் தூங்கி நிற்கும் கை. செயல் முழுவதும் அதைப் பிடித்திருக்கும் பிள்ளையிடமே இருக்கிறது. நாணத்தால் வந்த பெயர் என்றாலும், தெரியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. பிள்ளை கையில் எடுத்து, மேசைக்காலை மரமாகவும் தலையணையை மலையாகவும் கொண்டு, ஆசானின் குரலைத் தன் தொண்டையில் வரவழைத்துப் பேசும் அந்தக் கணத்தில், அறுந்த கயிறு மீண்டும் கட்டப்படுகிறது. பலகைக்கு அடியில் ஆஸ் செய்ததையே இங்கு ஒரு பிள்ளை பாயில் அமர்ந்து செய்கிறது. சாயலின் சாயல் என்று தாழ்த்தப்பட்ட பொருள் மறுபடியும் பாவையாகிவிடுகிறது.

பிற்காலத்தில் செயற்பாவைக் கலை வெகுவாக வளர்ந்தது. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யும் உருவங்களைப் பார்த்தால் வியப்புத் தோன்றும். தோலின் புள்ளிகள், காதோரத்து மயிர், அங்கியின் பழுப்பேறிய ஓரம் வரை ஒன்றும் விடுபடுவதில்லை. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். இவற்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒப்புமையையே புகழ்கின்றனர். ஒரு நடிகரின் உருவத்தைச் செய்தால், உயிருள்ள மனிதருக்கும் உயிரற்ற பொருளுக்கும் இடையே கடக்க முடியாத பள்ளம் ஒன்று உண்டு. பாவையின் உருவத்தைச் செய்யும்போது அப்பள்ளம் இல்லை, இரண்டும் பொருளே. ஆகவே பாவையின் படி முற்றிலும் ஒத்ததாக அமைய முடியும் என்று தோன்றும். அவ்வாறு தோன்றுவதில்தான் பிழை இருக்கிறது. யோடா என்ற பாவைக்கு ஒரே முகம் இருந்ததில்லை. உள்ளே விரல்கள் மடங்கும்போது நெற்றி சுருங்கும். மணிக்கட்டுச் சாயும்போது சோகம் வரும். கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது உறை. பிளாஸ்டிக்கில் வார்ப்பவர், ஓடிக்கொண்டிருந்த அத்தனை முகங்களில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்த வேண்டும். எவ்வளவு திறமையாகச் செய்கிறாரோ அவ்வளவு உறுதியாக மற்ற முகங்கள் மூடப்படுகின்றன. சிறந்த உருவத்தைப் பார்த்து, 'இஃது அந்தக் காட்சியின் இன்ன நொடி' என்று சேகரிப்பாளர் கண்டு சொல்லிவிடுவார். பழைய கென்னர் உருவம் எந்த நொடியும் அன்று. ஆதலால் எல்லா நொடிகளுக்கும் இடம் கொடுத்தது.

நுணுக்கம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். ஃப்ரீபோர்ன் என்ற கலைஞரின் கைத்திறனை மதித்து, ஒவ்வொரு சுருக்கத்தையும் காப்பாற்ற முயலும் சிற்பியின் உழைப்பு வணக்கத்துக்குரியதே. இரப்பர் நுரை நெடுங்காலம் நில்லாது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே பொடிந்து உதிரும் இயல்புடையது. மூலப்பாவை உதிரும்போது, அதன் வடிவை அறிந்துகொள்ளப் படிகளே உதவும். ஏடு செல்லரித்த பின் படியெடுத்தவனை வாழ்த்தும் தமிழர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஏட்டைப் படியெடுத்தவன் பாட்டைப் படியெடுத்தான். படித்தவர் நாவில் அது மறுபடியும் பாட்டாயிற்று. பாவையைப் படியெடுப்பவன் எதைப் படியெடுக்கிறான் என்பதுதான் வழக்கு.

இவ்வழக்கில் கெர்மிட் என்னும் தவளையின் சாட்சியம் பயனுடையது. 1955ஆம் ஆண்டு, கல்லூரியில் சேரும் பருவத்து இளைஞராக இருந்த ஹென்சன், தம் தாயாரின் பழைய மேலங்கித் துணியை வெட்டி, மேசைப்பந்து ஒன்றை இரண்டாக அறுத்துக் கண்களாக வைத்து, அந்தப் பாவையை உருவாக்கினார். அந்த முதற்பாவை 2010ஆம் ஆண்டு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு மே மாதம் ஹென்சன் மறைந்தார். கெர்மிட் மறையவில்லை. ஸ்டீவ் விட்மயர் என்பவர் கையேற்றார். 2017ஆம் ஆண்டு முதல் மேட் வோகல் அப்பணியைச் செய்துவருகிறார். குரல் சற்று வேறுபட்டது என்று காது கூர்மையானவர் குறைப்பட்டுக்கொண்டனர், மற்றவர் ஏற்றுக்கொண்டனர். இப்போது கெர்மிட் எங்கே இருக்கிறது? மூலத்துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஆயினும் அங்கே கெர்மிட் இருப்பதாகக் குழந்தைகூடச் சொல்லாது. துணி மாறியது, கையும் மாறியது. கையிலிருந்து கைக்கு ஒப்படைக்கப்பட்ட ஏதோ ஒன்று மட்டும் மாறவில்லை. குருவிடமிருந்து மாணாக்கன் பெறும் வித்தையைப் போன்றது அது. கடையில் விற்கும் கெர்மிட் உருவம் எதுவாயினும், அந்த ஒன்றை அச்சில் வார்க்க இயலாது.

யோடாவின் வரலாறு இதைவிட விந்தையானது. 1999இல் வந்த படத்திலும் அவர் பாவையாகவே தோன்றினார். 2002ஆம் ஆண்டுப் படத்தில் பாவையைக் கைவிட்டு, கணினியில் வரைந்த உருவமாக்கினர். முதியவர் வாளேந்திப் பம்பரமாய்ச் சுழன்று போரிட்டார். 2011ஆம் ஆண்டு வெளியிட்ட புதுப்பதிப்பில், 1999ஆம் ஆண்டுப் படத்துக்குள்ளும் புகுந்து, பாவையை நீக்கிக் கணினி உருவத்தை வைத்தார்கள். பின், 2017ஆம் ஆண்டுப் படத்தில் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய பாவை செய்து, ஆஸையே அழைத்து இயக்க வைத்தனர். இதில் மறக்க முடியாத சிறு செய்தி ஒன்று உண்டு. கணினி உருவத்தை அமைத்தவர்கள் பழைய பாவையின் அசைவுகளை உற்றுநோக்கினர். தலை திரும்பும்போது இரப்பர்க் காதுகள் தாமாகவே துள்ளி நடுங்குவதைக் கண்டனர். அது யாரும் திட்டமிட்ட நடிப்பன்று. இரப்பரின் இயல்பு, ஒரு குறை எனலாம். கணினிக்கு அந்தக் குறை இல்லை. ஆயினும் காது நடுங்காவிட்டால் அவர் யோடாவாக இல்லை என்று கண்டு, அந்த நடுக்கத்தையும் வரைந்து சேர்த்தார்கள். உயிரைத் தேடிச் சென்றவர்கள் பாவையின் குறையில் போய் அதைக் கண்டெடுத்தனர்!

இனி, பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். சேகரிப்பாளர் உலகில் உருவத்தைவிடப் பெட்டிக்கு மதிப்பு மிகுதி. திறக்கப்படாத பெட்டியிலுள்ள பழைய உருவத்துக்கு ஒரு விலை. திறந்து விளையாடிய உருவத்துக்கு அதில் சிறு பங்கு. அட்டையின் முனை மடங்கியிருந்தால் விலை குறையும். பழைய உருவங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு இத்தனை என்று தரமதிப்பெண் கொடுத்து, ஒளிபுகும் கெட்டிப் பேழைக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களும் அமெரிக்காவில் உள்ளன. அதன்பின் அவ்வுருவத்தை எவரும் தொட முடியாது. தொட்டால் மதிப்பெண் போயிற்று. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்: எதையும் செய்யாதிருந்ததற்காக முழு மதிப்பெண் பெறும் மாணவன் இவன் ஒருவனே.

1977ஆம் ஆண்டு இறுதியில் நடந்த நிகழ்ச்சி இதற்கு ஒரு முன்னோட்டம் போல் அமைந்தது. வரிசையின் முதற்படம் அவ்வாண்டு மே மாதம் வெளிவந்து யாரும் எதிர்பாராத வெற்றி பெற்றது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்கக் கென்னர் நிறுவனத்தால் இயலவில்லை. ஆகவே பொம்மை இல்லாமலே ஓர் அட்டை உறையை விற்றனர். அதனுள் ஒரு சான்றிதழ் இருந்தது. அதை அஞ்சலில் அனுப்பினால் மறு ஆண்டு நான்கு உருவங்கள் வீடு வந்து சேரும். அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் பல பிள்ளைகள் பரிசைப் பிரித்துப் பார்த்துக் காகிதத்தைக் கண்டார்கள். இதை வணிகத் தந்திரம் என்று சினந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏமாற்றப்படவில்லை; காத்திருக்கப் பழகினார்கள். உறைக்குள் ஒன்றுமில்லை என்பதை உறையே சொல்லியது. சில மாதம் கழித்து உருவங்கள் வந்தன. கைக்கு வந்ததும் கால் உடைந்தன, வாள் தொலைந்தன, மணலில் புதைந்தன. வெற்றுறையாக இருந்தபோதும் அப்பரிசு, முத்திரையிட்ட பேழையைவிட விளையாட்டுக்கு அண்மையில் இருந்தது.

முத்திரையிட்டுக் காப்பவர் தவறு செய்கிறாரா? எவர் பொருளையும் அவர் பறிக்கவில்லை. தம் பணத்தில் வாங்கியதைத் தம் வீட்டில் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டால் தக்க விடையும் வைத்திருப்பார். எல்லாரும் திறந்திருந்தால், அக்காலத்துப் பொருள் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றே இராது என்பார். இவ்விடை பொய்யன்று. காப்போர் இல்லாத பண்பாடு ஒரு தலைமுறையில் தன் முகத்தை மறந்துவிடும். ஆயினும் அவர் காத்திருப்பது பொருளையே அன்றி, அப்பொருள் எதற்காகப் பிறந்ததோ அதனை அன்று. விளையாடி உடைந்த உருவமும் ஒரு சான்றுதான். தேய்ந்த வண்ணம், கடித்த பல்லின் தடம், தொலைந்த பாம்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் ஒரு பிற்பகலுக்குச் சான்று. வரலாறு இரண்டையும் வேண்டும். சந்தை ஒன்றுக்கு மட்டுமே விலை கொடுக்கிறது.

உண்மையான தீங்கு வேறிடத்தில் நேர்கிறது. பெரியவர் ஒருவர் தமக்கென வாங்கிப் பேழையில் வைப்பது அவர் விருப்பம். ஆனால் அதே மனப்பான்மை வீட்டுக்குள் இறங்கி, பிறந்தநாளுக்கு உருவம் ஒன்றைப் பெற்ற பிள்ளையிடம், 'திறக்காதே, இருபது ஆண்டில் விலை ஏறும்' என்று சொல்லும்போது ஒன்று பறிக்கப்படுகிறது. பிள்ளை அப்பொருளைப் பார்த்த முதற்பார்வையிலேயே, தன் விருப்பத்துக்கும் பொருளுக்கும் இடையே விலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பிள்ளை நல்லபிள்ளையாக இருந்தால் கீழ்ப்படியும். கீழ்ப்படிந்து, பேழையின் முன் நின்று, ஆசானைப் பார்க்கும். ஆசான் பேசமாட்டார். பேச வைக்க வேண்டிய குரல் அந்தப் பிள்ளையின் தொண்டையிலேயே இருக்கிறது; அதற்கு இசைவு மறுக்கப்பட்டுவிட்டது. நூலக அலமாரியைப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பள்ளிகளும் இவ்வாறே செய்கின்றன. நூல்கள் அழுக்காகாமல் இருக்கும். மாணவரும் அவற்றால் சிறிதும் தீண்டப்படாமல் இருப்பர்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் அதே விண்வெளிக் கதைத் தொடர்பில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. யோடாவின் இனத்தைச் சேர்ந்த குழந்தை ஒன்று அதில் தோன்றியது, அதுவும் பாவையே. அத்தொடரில் நடித்த ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், படப்பிடிப்பில் அந்தப் பாவையை உயிருள்ள நடிகரைப்போல் கருதி அதனிடமே நேரே பேசினார் என்று உடன் பணியாற்றிய இயக்குநர் சொல்லியிருக்கிறார். பின்னொரு வேளை கணினி உருவம் தேவைப்படலாம் என்று, பாவையை அகற்றிவிட்டு அதே காட்சியை மீண்டும் படமாக்கக் குழுவினர் முனைந்தபோது, அவர்களைக் கோழைகள் என்று கடிந்துகொண்டாராம். எண்பதை நெருங்கும் வயதில், உலகைச் சுற்றிப் படமெடுத்த ஒருவர், இரப்பர்க் குழந்தைக்காகக் கோபப்பட்டார். மயக்கத்துக்கு இடம் கொடுத்தபின் பாதியில் கையை எடுப்பது நேர்மையன்று என்பது அவர் கோபத்தின் பொருளாக இருக்கலாம். அக்குழந்தை தோன்றுவதை மறைபொருளாக வைக்க விரும்பியதால், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு அதன் பொம்மைகளைக் கடைகளுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தனர். பொம்மை இல்லாத மற்றொரு கிறிஸ்துமஸ்! கம்பளி நூலிலும் துணியிலும் தாமே பொம்மை செய்துகொண்டவர் பலர். அவை ஒன்றும் திரையில் கண்டதை அச்சொட்டாக ஒத்திருக்கவில்லை.

இந்தக் கதை மலேசிய மண்ணையும் தொட்டிருக்கிறது. கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் என்னும் நிழற்பாவைக் கூத்து இராமன் கதையைத் தலைமுறைகளாக நடத்திவந்த கலை. பதப்படுத்திய மாட்டுத்தோலைச் செதுக்கி வண்ணமிட்ட பாவைகளை, விளக்கொளியில் வெண்திரைக்குப் பின்னே அமர்ந்து, தாலாங் ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து ஆட்டுவிப்பார். 1990களின் தொடக்கத்தில் கிளந்தான் மாநில அரசு இக்கூத்தைப் பொதுவில் நடத்தத் தடை விதித்தது. பாவைகளை எவரும் எரித்துவிடவில்லை. தோலும் வண்ணமும் அப்படியே இருந்தன. கை மட்டும் தடுக்கப்பட்டது. ஆடாத பாவை சட்டகத்துக்குள் மாட்டத்தக்க அழகுப் பொருளாகிவிடும். பேழையில் அடைக்கப்பட்ட யோடாவுக்கும் அதற்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சேகரிப்பாளர் விரும்பிச் செய்வது அங்கே ஆணையால் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு. அந்த வேறுபாடு சிறிதன்று.

2013ஆம் ஆண்டு டின்டோய் சூ என்ற மலேசிய வடிவமைப்புக் கலைஞரும் அவர் நண்பரும், பாக் டாயின் என்று அழைக்கப்படும் முகமது டாயின் ஒத்மான் என்ற கிளந்தான் தாலாங்கோடு சேர்ந்து, லூக்காசின் விண்வெளிக் கதையை வாயாங் கூலிட் வடிவில் அரங்கேற்றினர். 'பெப்பராங்கான் பிந்தாங்' என்று அதற்குப் பெயர். கருங்கவசம் அணிந்த கொடியவன் டார்த் வேடர், சங்கலா வேடே என்னும் அரக்கனானான். கவசத்தின் ஓரங்களில் கிளந்தான் பாவைகளுக்குரிய பூவேலைப்பாடு படர்ந்தது. பிளாஸ்டிக்கில் உலகெங்கும் விற்று, பெட்டிகளுக்குள் முத்திரையிடப்பட்ட பாத்திரங்கள், இங்கே தோலாகி விளக்கின் முன் வந்தன. ஒப்புமையை அளவுகோலாகக் கொண்டால் சங்கலா வேடே தேர்ச்சி பெறான். தலைக்கவசத்தின் வளைவும் வேறு, உடலின் நிலையும் வேறு. பாரம்பரியக் கூத்தில் பழுத்தவர்களில் சிலருக்கும் இம்முயற்சி உவப்பாக இராது. இராமனுக்குரிய திரையில் இறக்குமதிக் கதை எதற்கு என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஒன்றைக் காணலாம். கிளந்தான் பாவைகளுக்குப் பெரும்பாலும் ஒரு கை மட்டுமே மூட்டோடு அமைந்திருக்கும். மற்றது உடலோடு சேர்த்தே செதுக்கப்பட்டிருக்கும். செயற்பாவைக்கு மதிப்புரை எழுதுவோர் இதைப் பார்த்தால், அசையும் உறுப்புகள் குறைவு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவர். தாலாங் அந்த ஒரு கையின் கோலைப் பிடித்து, பாவையைத் திரைக்கு அருகே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குகிறார். திரைக்கு இப்புறம் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, மற்றக் கை அசையவில்லை என்பது தெரிவதே இல்லை.